சம்பந்தி வீட்டுப் புவாலும் எங்கள் மாடித் தரையும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. தேவதாஸ் அவர்களின் சமூகத்துக்கு, தெய்வசிகாமணி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அமுதவல்லி நலம். மாடி அறையின் தரை மட்டும் நலமாக இருந்து, நலம் கெட்டு, இப்போது மறுபடியும் தேறியிருக்கிறது. அங்கு பிரான்சில் தாங்களும் மாப்பிள்ளை பாலாஜியும் எங்கள் துர்காவும் பனிக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் அமுதவல்லி பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். இப்போது கோயிலுக்குப் போயிருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் தாங்கள் வரப்போகிறீர்கள் என்று இந்த மாதம்தான் மாப்பிள்ளை சொன்னார். வந்து மாடி அறைக் கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பதைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைப்பீர்கள். எல்லோரும் வைக்கிறார்கள். பின்னால் மாடிப்படி இருக்கிறது. ஆகவே விஷயத்தை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது என் கடமை.

ஆடி மாதம் தாங்கள் ஒரு நாள் போன் செய்தீர்கள். சம்பந்தியம்மா மறைந்த பிறகு அந்த மலையடிவாரத்து வீட்டில் தாங்கள் ஒற்றை ஆளாக இருக்கிறீர்களே என்று, வருஷத்தில் குளிர்கால நாலு மாதமாவது எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் அமுதவல்லியும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தாங்கள் வருகிறேன் என்றும் சொல்லமாட்டீர்கள், வரமாட்டேன் என்றும் சொல்லமாட்டீர்கள். "பாக்கலாம் சம்பந்தி" என்பீர்கள். அன்றைக்கு மட்டும், "வீட்ட வித்தாச்சு சம்பந்தி, பாலாஜி வீட்டாண்ட சின்னதா ஒரு ஃபிளாட்டு பாத்துட்டேன், உங்க வீட்டுக்கு ஒரு புவால் அனுப்பறேன்" என்றீர்கள். புவால் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தாராளமா அனுப்புங்க, எங்க பாக்கியம்" என்று சொல்லிவிட்டேன். தாங்கள் போனை வைத்ததும் நேராகப் பின்வீட்டு அஞ்சலாட்சி டீச்சரிடம் போனேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தி ஓய்வுபெற்றவர், தங்களுக்கும் தெரியும், துர்கா கல்யாணத்தில் தங்களிடம் பிரெஞ்சிலேயே பேசி, தாங்கள் தமிழிலேயே பதில் சொன்னதில் இன்றுவரை வருத்தப்படுகிறவர்.

"புவாலா? வாணல் சார். மீன் வறுக்கற வாணல். லா புவால்" என்றார் டீச்சர், யோசிக்கவே இல்லாமல்.

அமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் எம் மீன் வறுவல எவ்ளோ ஞாபகமா வச்சிக்கினு இருக்காரு பாருங்க" என்று சொல்லி, சமையலறையில் நல்ல வெளிச்சம் படுகிற சுவரில் ஒரு ஆணி அடித்தாள். பழைய வாணலைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். ஐப்பசியில் சாமான் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வருகிறது என்று தகவல் வந்த அன்று காலையிலேயே வஞ்சிரம் வாங்கி மசாலா தடவி ஊறவைத்துவிட்டாள். மத்தியானம் லாரி வந்தது. டிரைவர் இறங்கி, "சார், இறக்க எத்தினி ஆளு வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். "ஒரு வாணலுக்கு எதுக்குப்பா ஆளு, நானே வாங்கிக்கறேன்" என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தார்ப்பாயை விலக்கினான். உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. பெட்டியைப் பிரித்ததும் கன்னங்கரேலென்று வார்ப்பு இரும்பில் ஒரு பூதம், வயிற்றில் கண்ணாடிக் கதவோடு, எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தது. தெருவில் பாதிப்பேர் அதை சாமி சிலை என்றும் மீதிப்பேர் பேங்க் லாக்கர் என்றும் சொன்னார்கள்.

அமுதவல்லிதான் அடையாளம் கண்டுபிடித்தாள். என் முழங்கால் ஆபரேஷனால் நான் வரமுடியாமல் அவள் மட்டும் போன மார்கழியில் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தாளே, அப்போது பார்த்திருக்கிறாள். "ஏங்க, இது அங்க ஹால்ல இருந்த விறகு அடுப்பாச்சே! நான் பொழுதன்னிக்கும் இதும் பக்கத்துலதான உக்காந்துகினு இருப்பேன்!" என்று கத்தினாள். அஞ்சலாட்சி டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "லெ போட்டா அடுப்பு, லா போட்டா வாணல். அவரு லெ சொன்னாரா லா சொன்னாரான்னு நீங்க என்கிட்ட சொல்லவே இல்லியே சார்" என்று என் மேலேயே திருப்பிவிட்டார். வஞ்சிரத்தை அன்று தோசைக்கல்லில் வறுத்தோம். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சம்பந்தி, அந்த இரும்பைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? இத்தனை வருஷம் கூடவே இருந்த அடுப்பை ஒருவர் கடல் தாண்டி ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார் என்றால், அந்த வீட்டுக்குத் தானும் வரப்போகிறார் என்றுதானே அர்த்தம்? "அடுப்பு வந்துடுச்சு அமுதா, இனிமே அவரும் வந்துடுவாரு" என்றேன். தங்களுக்கென்று மாடி அறையை நாங்கள் போன வருஷமே தயார்செய்து வைத்திருந்தது தங்களுக்குத் தெரியாது. தாங்கள் வந்தால் ஊர் மாதிரியே இருக்கட்டும் என்று பிரெஞ்சு வீட்டுக்காரர்கள் போடுவதுபோல் மரத்தரை போட்டிருந்தேன். மரம் என்றால் நிஜ மரம் இல்லை. மரத்தின் போட்டோவை ஒட்டிய லேமினேட் பலகை, அதற்கடியில் மெத்தென்று ஒரு ஃபோம் ஷீட். நடந்தால் பூனை நடப்பதுபோல் சத்தமே வராது. அதன் மேல் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம்.

அடுப்பை மாடிக்கு ஏற்றிய கதையை விரிவாக எழுதினால் தாங்கள் மனம் நோவீர்கள். படி திரும்புகிற இடத்தில் அது மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அமுதவல்லி மேலே இருந்தாள், சாம்பார் கீழே அடுப்பில் இருந்தது. அவள் மேலிருந்தே "இறக்குங்க! இறக்குங்க!" என்று சாம்பாரைச் சொல்ல, தூக்கிய ஆட்கள் புவாலை என்று நினைத்து என் கால்மேல் இறக்கினார்கள். நல்லவேளையாக ஆபரேஷன் செய்த கால் இல்லை.

ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தது என்று தங்களுக்குப் போன் செய்தேன். "தரை இன்னா தரை சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "மரத்தரை! உங்களுக்காகவே போட்டது!" என்றேன் பெருமையோடு.  "மரமா? அப்ப அடியில எரியாத பலகை ஏதாவது போடணுமே. அடுப்புக்கு முன்னாடியும் நீட்டிகினு இருக்கணும் சம்பந்தி, கதவத் தொறந்தா கங்கு தெறிக்கும். செவுத்துலேருந்தும் தள்ளி வைக்கணும். புக்குல எல்லாம் போட்டிருக்கான்" என்றீர்கள். அடுப்போடு வந்த அந்தப் புத்தகம் முழுக்க பிரெஞ்சு. தவிர, சம்பந்தி, நான் ஓவர்சீயர். இந்த ஊரில் கவர்மெண்டு கட்டடத்துக்கெல்லாம் தரை போடவைத்துத் தலை நரைத்தவன். எனக்கு ஒரு புத்தகம் தரையைப் பற்றிச் சொல்லித்தருவதா என்று அதை மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். அமுதவல்லி மட்டும், "அடுப்பு வைக்கற எடத்துல அந்த அட்டையப் பேத்து எடுத்துட்டா முடிஞ்சிதே" என்றாள். ஆசையாகப் போட்ட தரையைப் பேர்ப்பதா? நான் அதைக் காதில் வாங்கவில்லை.

நம்ம கொத்தனார் அருள்முருகனைக் கூப்பிட்டேன். நல்ல பையன். அவனிடம் உள்ள ஒரே குறை, நான் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வான். "கடப்பாக் கல்லு போட்ரலாமா?" என்று கேட்டேன். "கேஸ் அடுப்பே கடப்பாக் கல்லு மேலதான சார் நிக்குது? இதுவும் அடுப்பு, அதுவும் அடுப்பு" என்றான். அவன் சொன்ன நியாயத்தில் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. அடுப்பின் அடிப்பாகத்துக்குச் சரியாக ஒரு கடப்பாக் கல் அறுத்துவந்து லேமினேட் மேலேயே வைத்தோம். ஒரு விரற்கடை முன்னும் இல்லை, பின்னும் இல்லை, குழந்தைக்குத் துணி விரித்தாற்போல் அத்தனை அளவு. பிறகு புகைக்குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட நானே அளந்து கோடு போட்டேன். ஓட்டை போட்டு முடிந்ததும் அடுப்பின் வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே காகிதத்தில் சுற்றி நாலு கால்! கால் இல்லாத உயரத்துக்கு நான் அளந்திருக்கிறேன். காலை மாட்டினால் குழாய் ஓட்டைக்கு மேலே போய் நிற்கிறது.

"இப்ப இன்னாடா பண்றது?" என்றேன்.

"காலே வேணாம் சார். கால எடுத்துட்டா ஓட்ட சரியா வந்துடும்."

இப்படியாகத் தங்கள் புவால் கால் இழந்து, கடப்பாக் கல்லின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், தங்களுக்கு அது விடிகாலை, வீடியோவில் எரித்துக் காட்டினேன் அல்லவா? திரையில் தாங்கள் பார்த்தது கொஞ்சம். பார்க்காததை இப்போது எழுதுகிறேன். வெளியே வெயில் கொளுத்தியது. அடுப்பு எரிகிற வீடு குளிராக இருந்தால்தானே தங்களுக்குப் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று காலையிலிருந்தே ஏசியைப் பதினாறில் வைத்திருந்தேன். நான் போட்டிருந்தது தாங்கள் அமுதவல்லியிடம் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. போனை ஒரு ஸ்டூல் மேல் சொம்பில் சாய்த்து, அடுப்பும் நானும் மட்டும் தெரிகிறாற்போல் வைத்தேன். சவுக்குக் கட்டை படபடவென்று பிடித்துக்கொண்டது. சம்பந்தி, எனக்கு அப்படி ஒரு உற்சாகம். தீபாவளியில் கம்பி மத்தாப்பு பிடித்த சின்னப் பிள்ளைபோல் ஆகிவிட்டேன். தங்களுக்கு நெருப்பு நன்றாகத் தெரியட்டும் என்று கண்ணாடிக் கதவை அகலத் திறந்து காட்டினேன். அப்போதுதான் ஒரு கங்கு துள்ளி, எனக்கும் அடுப்புக்கும் நடுவில், தரை மேல் விழுந்தது. அந்த இடத்தில் எரியாத பலகை எதுவும் இல்லை. எரிகிற பலகைதான் இருந்தது.

"சரி சரி சம்பந்தி, தெரியுது, போதும், அணைச்சிடுங்க" என்று தாங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. கட்டை வீணாகிறதே என்ற பெருந்தன்மை என்று நினைத்து, "இருக்கட்டும் சம்பந்தி, நல்லாப் பாருங்க!" என்று இன்னொரு கட்டையைச் செருகினேன். அதே நேரம் காலால் கங்கைத் தேய்த்தேன். வெறுங்கால். தாங்கள் "இன்னா டான்ஸ் ஆடறீங்க?" என்று கேட்டீர்களே, அது டான்ஸ் இல்லை. அதற்குள் அடியிலிருந்த கடப்பாக் கல் சூடேறி, உள்ளே எங்கோ ஈரம் இருந்ததோ என்னவோ, டமார் என்று இரண்டாகப் பிளந்தது. "இன்னா சத்தம்?" என்றீர்கள். "தீபாவளி மிச்சம் சம்பந்தி, பசங்க வெடி போடறானுங்க!" என்றேன். பிளந்த கல்லின் நடுவில் லேமினேட் வெந்து புகைய ஆரம்பித்தது. "புகையாட்டம் இருக்கே?" என்றீர்கள். "சாம்பிராணி! புதுச் சாமான் இல்லீங்களா, பூசை போட்டோம்!" என்றேன். அமுதவல்லி என்னைப் பொய்யனாக்க விரும்பாமல் ஓடிப்போய் நிஜமாகவே சாம்பிராணி ஏற்றிக் கொண்டுவந்தாள். மறு கையில் ஒரு குடம் தண்ணீர். குடத்தைத் தரையில் கவிழ்த்தாள்.

தண்ணீர் பட்டதும் அந்த மரத்தின் போட்டோக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன, சம்பந்தி. எண்ணெயில் போட்ட அப்பளம் எப்படி உப்பி ஓரம் மடங்கி எழும்புமோ, அப்படி. ஒரு பலகை எழும்பிய வேகத்தில் ஸ்டூலைத் தள்ளிவிட, போன் விழுந்து தங்கள் முகம் கூரையைப் பார்த்தது. தாங்கள் கடைசியாகப் பார்த்தது எங்கள் வீட்டு மின்விசிறி. "நெட்வொர்க் சரியில்ல சம்பந்தி, அப்புறம் பேசறேன்" என்று மின்விசிறியின் சார்பில் நான்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அந்த அறை வாசலில் நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போக முடியாது, ஃபோம் கருகிய நாற்றம். என் பாதத்தில் அமுதவல்லி மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்: "பேசாம அண்ணன்கிட்ட உள்ளதச் சொல்லிடுங்க. நம்ம ஊருக்கு இது ஒத்து வராதுன்னு. எடைக்குப் போட்டாக்கூட நல்ல இரும்பு."

"அடுப்பு வேணாம்னு சொன்னா அவரும் வேணாம்னு ஆயிடும் அமுதா. அவரு அப்புறம் வரமாட்டாரு."

"வந்தா நல்லதுதான். வரலன்னா இன்னா பண்றது?"

அவளுக்குத் தெரியாது. துர்கா கல்யாணத்துக்கு வந்தபோது தாங்கள் இரண்டு மாதம் இங்கே தங்கி, தினம் காலையில் என்னைக் கடற்கரைப் பக்கம் பெத்தாங் என்கிற குண்டு விளையாட்டு ஆடக் கூட்டிப்போனீர்களே. அதுவரை நான் இரும்புக் குண்டைக் கையில் தொட்டதில்லை. தாங்கள்தான், "கைய உதறாதீங்க சம்பந்தி, பூவு போடறமாரி போடுங்க" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். தாங்கள் போனபிறகும் நான் விடாமல் போகிறேன். இப்போது என் ஜோடி ஒரு ரிட்டயர்டு தாசில்தார். குண்டைப் போட்டுவிட்டு அது எங்கே விழுந்தது என்று என்னையே கேட்கிறார். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மனுஷனுக்குப் புதிதாகச் சிநேகிதன் கிடைப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. கிடைத்தவன் சம்பந்தியாகவும் அமைந்துவிட்டால், "நீங்க இல்லாம போர் அடிக்குது, வாங்க" என்று வாய்விட்டுச் சொல்லவும் முடிவதில்லை. மரியாதை தடுக்கிறது. ஆகவே தரை போனால் போகட்டும், அடுப்பு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி டீச்சர் ஒரு முறத்தோடு வந்தார். எங்கள் புகைக்குழாய் அவர் மொட்டைமாடியைப் பார்த்து இருக்கிறது. முறத்தில் அவர் காயவைத்த வடகம். "இதுல எது வடகம், எது உங்க வீட்டுக் கரின்னு கொஞ்சம் பிரிச்சுத் தரீங்களா சார்?" என்றார். முயன்றேன். முடியவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: குழாயை அவர் மாடிக்கு மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும், பதிலுக்கு அவர் அந்தப் புத்தகத்தைப் படித்துச் சொல்லுவார். ஃபிரிட்ஜ் மேலிருந்து புத்தகம் இறங்கியது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார், நானும் அருள்முருகனும் எதிரில் நின்றோம். "தரைக் காப்புன்னு ஒரு பாடமே இருக்கே சார், நீங்க இதத் தொறந்துகூடப் பாக்கலியா?" என்று ஆரம்பித்து, முதலில் அடியில் பற்றிக்கொள்கிற தரை இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும் என்று படித்தார். அமுதவல்லி சமையலறையிலிருந்து இருமினாள். நெருப்புத் தாங்குகிற கல்லோ தகடோ போட வேண்டும், சூடு இறங்காமல் நடுவில் காற்றுப் போக இடம் விட வேண்டும், காலைக் கழற்றவே கூடாது என்றார். "அடுப்புக்கு முன்னால நாப்பது, ரெண்டு பக்கமும் இருபது, பின்னால நாப்பத்தஞ்சு விடணும்" என்றார். அருள்முருகன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

அந்த ஐப்பசி மழையில் நானும் அருள்முருகனும் தட்டாஞ்சாவடிக்கு மூன்று நடை போனோம். அங்கே மூடப்போகிற ஒரு பட்டறையில் பழைய உலையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நெருப்புச் செங்கல் அத்தனையும் அள்ளிக்கொண்டோம். கனத்த இரும்புத் தகடும் அங்கேயே கிடைத்தது. மீதி இருந்த லேமினேட்டை ஒன்றுவிடாமல் பேர்த்து எறிந்தோம். அடியில் காற்றுப் போகச் சந்து விட்டுச் செங்கல் அடுக்கி, மேலே தகடு பதித்து, ஓரம் பூசி, காலை மாட்டி, புதிதாகச் சரியான உயரத்தில் ஓட்டை போட்டு, குழாயை டீச்சர் மாடிக்கு மேலே ஏற்றி, வேலை முடிந்தது. அருள்முருகன் மேடையைச் சுற்றிவந்து, "சார், இதுல ரிசப்ஷனே வைக்கலாம் சார்" என்றான். அப்போதுதான் எனக்கும் லேசாக உறைத்தது, அறையில் மேடையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று. டீச்சர் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எந்தக் கணக்கு சார்?"

"நீங்க சொன்ன கணக்குதாம்மா. முன்னால நாப்பது."

"நாப்பது சென்டிமீட்டர் சார்! இவரு நாப்பது அங்குலம் கட்டி வச்சிருக்காரு!"

அருள்முருகன் உள்ளங்கையைப் பார்த்தான். அதில் வெறும் எண்தான் இருந்தது. சிமெண்டு அதற்குள் இறுகிவிட்டது. நான் கலவை போட்டால் இறுகாமல் இருக்காது.

ஆகவே சம்பந்தி, தாங்கள் கதவைத் திறந்ததும் காண்பது இதுதான்: அறையின் நட்டநடுவில் தங்கள் புவால் ஜம்மென்று நாலு காலில் நிற்கும். அதைச் சுற்றி மேடை. கட்டில் போட வேறு இடம் இல்லாததால் தங்களுக்கென்று வைத்திருந்த இரும்புக் கட்டிலையும் மேடையின் ஓரத்தில் ஏற்றியிருக்கிறோம். படுக்கப்போகும்போது படி ஏற வேண்டும். அமுதவல்லி படிக்குக் கோலம் போட்டிருக்கிறாள். ஆனால் போன வாரம் மறுபடியும் எரித்துப் பார்த்தோம், அது எப்படி நடந்தது தெரியுமா! மேடைக்கு அடியில் சந்தில் அமுதவல்லி ஒரு பச்சை அப்பளத்தை வைத்தாள். "இது பொரிஞ்சிதுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். சாயங்காலம் வரை அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. கங்கு இரண்டு துள்ளி விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அணைந்துபோயிற்று. அணைத்துவிட்டு அப்பளத்தை எடுத்துப் பார்த்தோம். பச்சையாகவே இருந்தது! ஓரம்கூட வளையவில்லை! நான் அந்த அப்பளத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு மேடையில் ஒரு சுற்று வந்தேன். அருள்முருகன் கை தட்டினான். பின்வீட்டு மாடியிலிருந்து டீச்சர் "பிராவோ!" என்றார். இந்த முறை அது டான்ஸ்தான், சம்பந்தி.

எனவே தாங்கள் எந்தக் கவலையும் இல்லாமல் புறப்பட்டு வர வேண்டும். தாங்கள் இருக்கும் நாலு மாதமும் ஒருநாள் விடாமல் தங்கள் புவால் எரியும், இது என் வாக்கு. விறகுத் தொட்டியில் இரண்டு வண்டி சவுக்குக்குச் சொல்லி, கொல்லையில் கூரை போட்டு நனையாமல் அடுக்கிவிட்டேன். அறைக்கு இன்னொரு ஏசியும் பொருத்தியாகிவிட்டது, இரண்டையும் போட்டால் தங்கள் ஊர்க் குளிர் வந்துவிடுகிறது. சாம்பல் அள்ளத் தங்களுக்கென்றே நீளமாக ஒரு பித்தளைக் கரண்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். தங்கள் கையாலேயே அள்ளினால்தான் தங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மணக்குள விநாயகர் துணையால் தங்கள் பயணம் தடையில்லாமல் அமையட்டும். மாப்பிள்ளைக்கும் துர்காவுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதங்களைச் சொல்லவும். தங்களுக்கு அமுதவல்லியின் வணக்கமும், என் பணிவான நமஸ்காரமும்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை வாசற்படியில் நின்று எதிர்பார்க்கும்
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை மடித்து உறையில் போடும்போது துர்கா போன் செய்தாள். "மாமாவுக்காக அடுப்ப எப்படி வச்சிருக்கேன் தெரியுமா?" என்று பெருமையாக ஆரம்பித்தேன். அவள், "அப்பா, மாமாவுக்கு அந்த அடுப்பக் கண்டாலே ஆவாதுப்பா! காலங்காத்தால எழுந்து சாம்பல் அள்ளி அள்ளி இடுப்பு ஒடிஞ்சிபோச்சு, அது இல்லாத ஊரா பாத்துப் போவணும்னுதான் பாண்டிக்கு டிக்கெட் போட்டிருக்காரு. சித்திரையிலயே போட்டுட்டாரு" என்றாள்.  "அப்ப ஏம்மா அத இங்க அனுப்பினாரு?" என்று கேட்டேன். "அம்மாதான இங்க வந்தப்ப, 'இந்தமாரி ஒண்ணு எங்க வீட்டுல இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்'னு மாமாகிட்ட சொன்னாங்க? சம்பந்தியம்மா ஆசைப்பட்டுட்டாங்க, குடுக்கலன்னா மரியாத இல்லன்னுதாம்ப்பா அனுப்பினாரு" என்றாள்.

அமுதவல்லி கோயிலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கேட்டேன். "குளுர்ல பல்லு கிடுகிடுன்னு அடிச்சிகினு இருந்துது. பேசாம உக்காந்திருந்தா நல்லா இருக்காதேன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்குன்னு அனுப்பிடறதா?" என்கிறாள்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்றால் பக்கம் பக்கமாக இருக்கிறது. மேடையை உடைத்துவிடலாம் என்றால் அருள்முருகன் கொண்டுவந்த உளி வளைந்துவிட்டது. ஆகவே சம்பந்தி, புவால் எரியாது. இரண்டு வண்டி சவுக்கையும் டீச்சர் வீட்டு வடகத்துக்குப் பந்தல் போடக் கொடுத்துவிடுகிறேன். தாங்கள் வந்தால் போதும். காலையில் நாம் இரும்புக் குண்டை மட்டும் தூக்குவோம். ஒரே ஒரு வேண்டுகோள்: அமுதவல்லி தங்கள் வீட்டில் வேறு எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அது கப்பல் ஏறுவதற்கு முன்னால் தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவும். கேட்டதற்கு, அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, பியானோவைப் பற்றி ஏதோ சொன்னதாக ஞாபகம் என்கிறாள்.